குட்டைத் தோட்டா

நரி பேரீச்சம்பழம் தின்னும் என்று சொன்னால் நம் ஊர்ப்பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். தின்னும். தாழத் தொங்குகிற குலையைப் பின்னங்காலில் எழும்பி நின்று பறித்துத் தின்னும். கொட்டையைத் துப்பத் தெரியாது. காலையில் மரத்தடியில் கிடக்கிற பீயைக் குச்சியால் கிளறினால் கொட்டை முழுசாக இருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் நரியின் வழிக்கே போயிருக்கமாட்டேன். கோழியையும் பிறந்து ஈரம் காயாத ஆட்டுக்குட்டியையும் தூக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் முதலாளி அர்பாப் என் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்.

நூஹு தம்பி, இதையும் அந்த ஆபீசருக்குச் சொல்லுங்கள். நான் பத்து வார்த்தை சொன்னால் நீங்கள் அரபியில் இரண்டு வார்த்தைதான் சொல்கிறீர்கள். நீங்கள் காயல்பட்டினம், நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள். இருந்தாலும் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவர்கள் எழுதுகிற காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? யாரையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. நம்பாமல் இருந்ததால்தான் இந்த வயது வரைக்கும் இந்த நாட்டில் இருந்தேன். அதனால் மெதுவாகவே சொல்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

துப்பாக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இளையான்குடிப் பக்கம் கடலைக்காட்டில் பன்றிக் காவலுக்குப் போனவன் நான். அது மருந்து கிட்டித்துச் சுடுகிற நாட்டுத்துப்பாக்கி. இங்கே அர்பாபிடம் இருந்தவை வேறு. ஒன்று பெரியது, மலையில் திரிகிற நாய்க்கூட்டத்துக்காக வாங்கியது. இன்னொன்று சின்னது. இருபத்திரண்டு என்பார்கள். அதன் குழாயில் பென்சில் நுழையாது.

அர்பாபுக்குப் பெரியதுதான் பிடிக்கும். ஒருநாள் காரின் முன்பக்கத்தில் தோட்டாக்களை வரிசையாக நிறுத்திவைத்து என்னைக் கூப்பிட்டார்.

“ராக்கப், இது பார். கபீர், பெரிசு. ஒரு தடவை, நரி கலாஸ்.”

“நரி கலாஸ் அர்பாப். பின்னாடி தண்ணி டேங்கும் கலாஸ். அதுக்குப் பின்னாடி நிக்கிற ஆடும் கலாஸ்.”

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் தம்பியைக் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து தோட்டா வாங்குவது அவர், எது என்று சொல்வது நான்.

இருபத்திரண்டிலேயே மூன்று தினுசு உண்டு. நீட்டுத் தோட்டாவில் ஒன்று மூக்கில் குழி வைத்தது. வேகமாகப் போகும், சாட்டை சொடுக்குகிற மாதிரி சத்தம் வரும். உள்ளே போனதும் விரிந்துவிடும், மறுபக்கம் வராது. நரிக்கு அதுதான். நெஞ்சில் பட்டால் விழுந்த இடத்தில் கிடக்கும், தவிப்பு இல்லை. இரண்டாவதும் நீட்டுதான், ஆனால் மருந்து குறைச்சல். கைதட்டுகிற சத்தம்தான் வரும். சினை ஆடு மிரளாது, காக்காய்க்கு நல்லது. மூன்றாவது குட்டை. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தீவனக் கொட்டகைக்குள் எலிக்கு அதைப் போடுவேன். தகரத்தில் பட்டால் பள்ளம் விழும், ஓட்டை விழாது.

குட்டையை நரிக்குப் போடக் கூடாது. போட்டால் சாகாது. தோட்டாவைச் சதையில் வைத்துக்கொண்டு ஓடி எங்காவது பாறை இடுக்கில் படுத்து, சீழ் பிடித்து, புழு வைத்து, நாள்கணக்கில் கிடந்து சாகும். அது பாவம். என்னோடு இருந்த பாலகுரு ஒருதடவை குட்டையைப் போட்டு நரியைச் சுடப் போனான். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, ஏன் கூடாது என்று அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். ஒரு உயிருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இப்போது பாலகுருவைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

புஜைராவிலிருந்து மலைக்குள் போகிற தார்ச்சாலை தீர்ந்து, அதற்கப்புறம் ஓடைக்கல்லில் வண்டி குலுங்கிக் குலுங்கி வந்தால் எங்கள் மஸ்ரா, நம் பேச்சில் தோட்டம். பேரீச்சந்தோப்பு, கொஞ்சம் மாமரம், ஆட்டுக்கு ஜத்துப் புல், கோழி, ஆடு. ஆள் தங்க ஒரு ரூம். அர்பாப் எப்போதாவது வருவார். கோடையில் குடும்பத்தோடு குளிர்தேசத்துக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை தோறும் தீவனக்கடையிலிருந்து பிக்கப் வரும். மற்ற நாளில் மனிதச் சத்தம் கிடையாது.

அங்கே நான் தனியாகவும் இருந்திருக்கிறேன். அதற்கு முன்பு எனக்குத் துணைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான். லீவுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் அண்ணே என்பார்கள். ஒருவனும் திரும்பவில்லை. ஊரில் எனக்கு ஆள் இல்லை. பெண்சாதி இறந்துவிட்டாள். மகன் விமல் இருக்கிறான், அவன் வீட்டில் எனக்கு இடமில்லை என்பதைச் சொல்லாமலே சொல்லிவிட்டான். தனியாக இருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிக்கப்காரன் ஏதோ கேட்டான். பதில் மனதில் இருக்கிறது, வாய்க்கு வரவில்லை. நாக்கு பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆடு செருமுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அவன் சிரித்தான். எனக்கு அன்றைக்கு வந்த பயம் அதற்கு முன்னால் எதற்கும் வந்ததில்லை.

அப்புறம்தான் பாலகுரு வந்தான். மானாமதுரைக்காரன். வந்த அன்றே என்னைச் சித்தப்பு என்று கூப்பிட்டான். ஓயாமல் பேசுவான். தூக்கத்திலும் பேசுவான். ஆட்டுக்கெல்லாம் சினிமா நடிகை பெயர் வைத்து, பால் பீய்ச்சும்போது கிண்டல் செய்வான். அவன் இங்கே வந்த பிறகுதான் ஊரில் அவனுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஜோதிமணி என்று பெயர். போனில் அது அப்பா என்றால், ஸ்பீக்கரில் போட்டு என்னைக் கேட்கச் சொல்வான். நானும் கேட்பேன். நான் அவன் துணிகூடத் துவைத்துப் போட்டிருக்கிறேன். அவன் கேட்டதில்லை, நானாகச் செய்தது.

ஜூன் மாதம் அவன் ஊருக்குப் போக ஏற்பாடாயிற்று. அர்பாப் வெளிநாடு கிளம்புமுன் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் தீவனக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை பிக்கப்பில் ஏறி அப்படியே ஏர்போர்ட் போக வேண்டியது. பாலகுரு அட்டைப்பெட்டி கட்டினான். போர்வை, பால்பவுடர், கோடாலித் தைலம், பிள்ளைக்கு ஒரு பொம்மை. ஆடு நிறுக்கிற தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்த்தான். நான் கயிறு இழுத்துப் பிடித்தேன்.

“சித்தப்பு, நீ கட்டுன கட்ட கஸ்டம்ஸ்காரன் கத்தி வச்சாலும் அறுக்க முடியாது.”

“ரெண்டு மாசத்துல வந்துருவல்ல?”

“வராம? ஒன்னைய யாரு பாத்துக்குவா. பிரியாணி கிண்டத் தெரியுமா ஒனக்கு?”

“வந்துருவன்னு சொல்லு.”

“வந்துருவேன் சித்தப்பு. என்னா இப்ப, புதுப் பொண்டாட்டி மாதிரி கேக்குற.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் பெண்சாதி பானுப்பிரியாவோடு போனில் பேசியதை அதற்கு முந்தின வாரமே நான் கேட்டிருந்தேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசினான். இனிமேல் போகமாட்டேன், சிவகங்கையில் ஒரு வண்டி வாங்கி ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடம் ஏன் மறைத்தான்? நான் வருத்தப்படுவேன் என்று மறைத்தானாம். இதைப் பிற்பாடு அவனே சொன்னான்.

கோபப்பட்டு நான் எதுவும் செய்யவில்லை. இதை ஆபீசருக்கு அழுத்திச் சொல்லுங்கள். கோபத்தில் செய்கிறவன் யோசிக்கமாட்டான். நான் யோசித்தேன்.

மஸ்ராவுக்கு வருமுன் துபாயில் கட்டட வேலை, சோனாப்பூர் கேம்ப்பில் இருந்தேன். அங்கே அனந்தகிருஷ்ணன் என்று ஒருவன். லீவுக்குக் கிளம்ப இருந்தபோது சாரம் சரிந்து கால் முறிந்தது. கம்பெனிக்காரன் டிக்கெட்டை ரத்து செய்தான். கால் தேறுவதற்குள் விசா தேதி வந்தது, புதுப்பித்தார்கள், அவனும் சரி என்று இருந்துவிட்டான். அப்புறம் ஊருக்குப் போகிற பேச்சையே அவன் எடுக்கவில்லை. ஒருவன் போகாமல் இருக்க அவ்வளவுதான் தேவை. ஒரு கால், கொஞ்சநாள்.

பெரிய துப்பாக்கியை நான் நினைத்தும் பார்க்கவில்லை. கால் துண்டாகிவிடும். குழி வைத்த நீட்டு உள்ளே விரியும், சதையெல்லாம் கூழாகும். மருந்து குறைந்த நீட்டும் எலும்பில் பட்டால் எலும்பைக் கீறிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் நொண்டுவான். பிள்ளைகுட்டிக்காரன். அதனால் குட்டையை எடுத்தேன். கெண்டைக்கால் சதையில் போய் நின்றுவிடும். எலும்புக்குப் போகிற வேகம் அதற்குக் கிடையாது. அவனுக்கு நல்லது எது என்று அவ்வளவு பார்த்துத்தான் எடுத்தேன்.

புதன்கிழமை. வெளிச்சம் வந்துவிட்டது, வெயில் இன்னும் மலைக்கு இந்தப் பக்கம் இறங்கவில்லை. பாலகுரு பல் விளக்கிக்கொண்டே ஜத்துக்குப் போகிற தண்ணீரை அடைக்கப் போனான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான், கெண்டைக்கால் நன்றாகத் தெரிந்தது. நான் கோழிக்கூண்டின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு, மீதியைப் பிடித்துக்கொண்டேன். சின்னச் சத்தம்தான். கோழிகள்கூடப் பறக்கவில்லை. அவன் யம்மா என்று உட்கார்ந்தான். நான் நரி நரி என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

“என்னா சித்தப்பு, என்னையப் பாத்தா நரி மாதிரியா இருக்கு?”

“செடி ஆடுச்சுடா. தெரியலடா.”

“சரி விடு. அழுகாத. பெருசா ஒண்ணுமில்ல. எங்க, கையக் குடு.”

நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். அவன் என் தோளில் கைபோட்டு நொண்டிக்கொண்டே ரூமுக்கு வந்தான். கட்டிலில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தான். ஒரு சுண்டைக்காய் அளவு ஓட்டை. ரத்தம் அதிகமில்லை.

“வெள்ளிக்கெழம பிக்கப்புல அஸ்கர் அண்ணன் வந்தா போற வழியில ஒரு கட்டுப் போட்டுட்டு பிளேன் ஏறிருவேன். ஆஸ்பத்திரில கேட்டா கம்பி குத்திருச்சுன்னு சொல்லிக்கலாம். ஒன்னையக் காட்டிக்குடுக்கமாட்டேன், பயப்படாத.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த தோட்டா அவனை நிறுத்தப் போதவில்லை. நொண்டிக்கொண்டே போய்விடுவான். இன்னொரு தடவை சுட எனக்கு மனம் வராது, நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அதனால் அன்றைக்குக் காயத்தைக் கழுவாமல் விட்டேன். மேலே ஒரு துணியை மட்டும் சுற்றினேன். ஆட்டுப்பட்டியில் கிடந்த துணி. கொஞ்சம் வீங்கட்டும், ஒரு காய்ச்சல் வந்தால் போதும் என்று நினைத்தேன். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நோயாளி தூங்க வேண்டாமா? எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, ஆடு காட்டில் கழுத்துமணி தொலைக்கிற மாதிரி எங்கோ விழுந்துவிட்டது என்றேன். நம்பினான். அவன் யாரையும் நம்புவான், அதுதான் அவனிடம் இருந்த குறை.

மறுநாள் காய்ச்சல் வந்தது. முழங்கால் வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. ஆட்டுக்கு அடிக்கிற ஊதா மருந்தைப் போட்டேன், கஞ்சி காய்ச்சினேன். அவன் படுத்துக்கொண்டே அலமாரிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சித்தப்பு, அது எலித் தோட்டா டப்பாதான?”

“ஆமா.”

“தெறந்து கெடக்கு.”

“எலி வந்துச்சு.”

அவன் கண் டப்பாவை விட்டு என் பக்கம் வந்தது.

“நரிக்கு நீ குட்டையப் போடமாட்டியே.”

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தோட்டா விஷயத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

“ஏன் சித்தப்பு?”

“நீ வரமாட்ட. போன்ல சொன்னியே.”

“நீ வருத்தப்படுவன்னுதான மறைச்சேன்.” அழுதான். “என்னைய விட்டுரு சித்தப்பு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஜோதிமணி மேல சத்தியம். ஊருக்குப் போயிர்றேன்.”

பாருங்கள், அப்போதும் ஊருக்குப் போய்விடுகிறேன் என்றுதான் சொன்னான். இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலை வரைக்கும் நடந்திருப்பேன்.

ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று இந்த ஆபீசர் நேற்றும் கேட்டார், இன்றும் கேட்டார். கொண்டுபோனால் தோட்டாவை எடுப்பார்கள். தோட்டாவைப் பார்த்தால் போலீஸ் வரும். துப்பாக்கி யாருடையது, வேலைக்காரன் கைக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். என்னை உள்ளே வைப்பார்கள், அவனை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் இத்தனையும் எதற்குச் செய்தது? என்னால் எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. இதைத்தான் இவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அவருக்கு ஊர் இதுதானே.

வெள்ளிக்கிழமை காலையில் பிக்கப் வரும் என்பது எனக்குத் தெரியும். தோப்பு ஓரத்தில் வேம்பு நிற்கிறது. ஒரு கொத்து ஒடித்து ரூம் வாசலில் செருகினேன். மோட்டாரைப் போட்டேன். டீசல் மோட்டார், பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே பாதிதான் கேட்கும். ஜத்துக்கு எப்படியும் அன்று தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது.

தீவனக்கடைப் பிக்கப்பை ஓட்டுகிற அஸ்கர் அலி தொண்டிக்காரர். நல்ல மனுஷன். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“பெருசு, எங்க மாப்பிள்ள? சென்ட் அடிச்சு முடிச்சானா இல்லையா? ஏறச் சொல்லுங்க, வண்டிய அணைக்கல.”

“அவன் போகல. அம்மை போட்டிருக்கு.”

அவர் வேப்பிலையைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்து பின்னால் போனார்.

“அல்லாவே. இன்னைக்கா போடணும்? மூஞ்சிலயுமா?”

“மூஞ்சி, முதுகு, எல்லாம்.”

“அப்ப ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிருவான். எங்க ஊர்ப் பய ஒருத்தன அப்படித்தான் அனுப்பிட்டான். பாவம், பொம்மையெல்லாம் வாங்கி வச்சிருந்தானே. வாசல்ல நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்.”

“ஒங்களுக்கு முன்னாடி போட்டிருக்கா?”

“இல்ல.”

“வீட்டுல கைப்புள்ள இருக்குல்ல.”

அவர் மகள் ஆமிராவுக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. சட்டென்று வண்டிப் பக்கம் போய்விட்டார். இதே ஒரு பாகிஸ்தான் பட்டாணியோ வங்காளியோ ஓட்டி வந்திருந்தால் கட்டாயம் உள்ளே எட்டிப் பார்த்திருப்பான். நம்ம ஆள், அம்மை என்றால் என்ன என்று தெரிந்தவர்.

“ஆஸ்பத்திரி?”

“அம்மைக்கு எவன் ஆஸ்பத்திரி போவான்?”

“அதுவும் சரிதான். மோர் குடுங்க. பானுப்பிரியாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிர்றேன். அந்த மோட்டாரக் கொஞ்சம் அணைங்க பெருசு, காது போயிரும் போல.”

“தண்ணி பாயுது.”

பாலகுரு உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அஸ்கரண்ணே, அஸ்கரண்ணே என்று. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

நான் கல்நெஞ்சன் இல்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஆட்டுக்குச் சீழ் பிடித்தால் போடுகிற ஊசிமருந்து வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். எந்த ஆட்டுக்கு என்றார். ஒன்றுக்கு என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார். இன்றே வேண்டும் என்று என்னால் அழுத்திச் சொல்ல முடியவில்லை. ஒரு ஆட்டுக்காக அவ்வளவு அவசரப்பட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். வண்டி போன பிறகும் மோட்டாரை அணைக்க எனக்குக் கொஞ்சநேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் அம்மைக்குச் செய்கிற மாதிரியே அவனுக்குச் செய்தேன். வேப்பிலையால் வருடிவிட்டேன், மோர் கொடுத்தேன், ஏசியை முழுக்கத் திருப்பிவைத்தேன். கால் தொடை வரைக்கும் கருநீலமாகி நாற்றம் எடுத்தது. நான் முகம் சுளிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். சில நேரம் என்னை அவனுடைய அப்பா என்று நினைத்துக்கொண்டு பேசினான். நானும் பதில் சொன்னேன். ராத்திரி பகல் என்றில்லாமல் பேசிக்கொண்டே இருந்தான். ரூமில் பேச்சுச் சத்தம் இருந்தது.

ஒரு மத்தியானம் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தேன், கட்டிலில் இல்லை. வெளியே மணலில் இழுபட்ட தடம். கையை ஊன்றி ஊன்றி வேப்பமரம் வரைக்கும் போய்க் குப்புறக் கிடந்தான். வாயெல்லாம் மணல். தரை காலை வைக்க முடியாமல் சுடுகிற நேரம். இந்த வெயிலில் உனக்கு இங்கே என்னடா வேலை என்று கேட்டேன். தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்து, வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்தேன். கனமே இல்லை.

மறுநாள் அவன் பேசவில்லை. கண் திறந்திருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அல்லது தெரிந்துகொள்ள நான் வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். வேப்பிலை போட்டுத் தண்ணீரை வெயிலில் வைத்துக் காய்ந்ததும் அவன் தலைக்கு ஊற்றினேன். அம்மை இறங்கினவர்களுக்கு அப்படித்தான் ஊற்றுவது. தலை சீவி, ஊருக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுவிட்டேன். ஏன் புதைக்கவில்லை என்று ஆபீசர் கேட்கிறார். நான் தனியாக இருந்தேன் ஐயா. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கட்டிலில் இருந்தான். நான் என் கட்டிலில் இருந்து அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். நாக்கு பழக்கம் விட்டுப்போகக் கூடாது இல்லையா.

அடுத்த வெள்ளிக்கிழமை அஸ்கர் அலி வந்தார். ஊசிமருந்தும் கொண்டுவந்திருந்தார். பானுப்பிரியா தினமும் போன் செய்து அழுகிறாள், ஒரு வார்த்தையாவது பேசவைக்க வேண்டும் என்று தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். அன்றைக்கு நான் மோட்டார் போட்டிருக்கவில்லை. போட வேண்டிய தேவை இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு, இப்போது தூங்குகிறான் என்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். வெளியே வந்து வாந்தியெடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே போலீசுக்குப் போன் செய்தார். நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கவில்லை.

ஆமாம், நான்தான் சுட்டேன். நரி வரவில்லை. அம்மையும் போடவில்லை. பாலகுரு என்று தெரிந்து, அவன் காலைப் பார்த்து, தோட்டாவைப் பார்த்து எடுத்துச் சுட்டேன். காயத்தைக் கழுவாமல் விட்டதும் போனைத் தொட்டியில் போட்டதும் நான்தான். அர்பாபுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எழுதிக்கொள்ளட்டும், கைநாட்டு வைக்கிறேன்.

ஆனால் அடைத்துவைத்துக் கொன்றேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அதை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள் தம்பி. அது பொய். அந்த ரூம் கதவை நான் ஒருநாளும் பூட்டவில்லை. பூட்டே கிடையாது. போக வேண்டும் என்று அவனுக்கு உண்மையிலேயே மனம் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பான்.